பின்பக்கம்

கல்பாவில் மீன் மார்க்கெட்டுக்கு எதிரே
எங்கள் டைப்பிங் சென்டர்.
விசா, வாடகை ஒப்பந்தம், ஸ்பான்சர் மாற்றம்.
பெயர் என்ன, தாயின் பெயர் என்ன,
எப்போது வந்தாய், எப்போது போவாய்:
கேள்விகள் அச்சிலேயே இருக்கும்.
பதினாறு வருடமாக நான் தட்டுவதெல்லாம் விடைகள்.

மிஸ் டெர்வ்லா ஒருநாள்
ஒன்பது நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.
அவள் பிறந்த அயர்லாந்தில் முன்னொரு காலத்தில்
பட்டிக்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பி
விடுகதைகளை எழுதி வாங்கினார்களாம்.
மழைக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று,
முட்டைக்கோசுக்குக்கூட ஒன்று.
இங்கே நாலாம் வகுப்பை அனுப்பிப் பார்த்திருக்கிறாள்.
"இதெல்லாம் தமிழ். எனக்குத் தூண்டில் முள் குவியல்.
நீங்கள் தட்டித் தாருங்கள்."

நகல் எடுத்துக்கொண்டு நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன்.
இரவில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது,
மெஷினை ஒருபக்கம் என்று வைத்திருக்கிறேன்.
விடைகளெல்லாம் பின்பக்கம்.
போய்க் கேட்க வெட்கம்.

*சுவரில் தொங்குவான்,
உள்ளே சிரிப்பான், தெருவில் அழுவான்.*
இது தெரியும்.
கடை வாசலில் அவன் அழுகைக்கு
நான்தான் வாளி வைத்திருக்கிறேன்.

*ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோவாள்,
தன் தாகத்துக்கு டீசல் குடிப்பாள்.*
டேங்கர். போகட்டும்.

*கறுப்பாய் நுழைவான், சிவப்பாய் இருப்பான்,
வெள்ளையாய் வெளியேறுவான்.*
மிஸ்ஸின் ஊர் விடுகதை இது.
ஒன்பது நோட்டிலும் முதலில் இருந்தது.
நுழைவு, இருப்பு, வெளியேற்றம்,
என் படிவங்களின் வரிசையேதான்.
லைசென்ஸ் புதுப்பிக்க வந்த குல் ஜமான்
இந்தியில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.
மருதாணித் தாடியை ஒருமுறை நீவினார்.
"இதற்கு என்ன யோசனை?
கறுப்பாக வந்தது. இப்போது சிவப்பு.
மர்தானுக்குப் போகிற அன்று சாயம் போட மாட்டேன்."
தட்டினேன். விடை: தாடி.

கடைசி நோட்டு ஆல்ட்ரினுடையது.
*நடந்தால் முழங்கால் வரை இருக்கும்,
தொட்டால் ஈரம் இல்லை,
அள்ளினால் வெறுங்கை.*

கானல் என்றேன்.
கானலில் எவன் கால் வைத்தான், அது முன்னாலேயே ஓடுமே
என்றார் டாக்ஸிக்காரர்.
மூடுபனி என்றால் கை நனையும்.
நிழல் முழங்காலோடு நிற்காது.
காசோலை திரும்பி வந்த சதானந்தன்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"கடன். முழங்கால் என்பது எழுத்துப்பிழை.
கழுத்து என்று திருத்து."

மூன்று நாள்.
மீன் வெட்டும் வங்காளிப் பையன் வரைக்கும் கேட்டாயிற்று.
கத்தியைக் கழுவிக்கொண்டே அவன் கேட்டான்,
அதைப் பிடிக்க வலையா, தூண்டிலா?

வியாழக்கிழமை நானே பள்ளிக்குப் போனேன்.
பஸ்கள் கிளம்பிவிட்டன,
மைதானத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.
தாடியைச் சொன்னேன். மிஸ் மேசையைத் தட்டிச் சிரித்தாள்.
அவள் ஊரில் அது சதுப்பு மண்.
வெட்டி, காயவைத்து, அடுப்பில் போடுவார்களாம்.
"இரண்டையும் போடுங்கள்."

பிறகு ஆல்ட்ரினின் நோட்டைத் தேடித் தந்தாள்.
திருப்பினேன்.
பென்சில் எழுத்து, கோட்டைத் தாண்டிச் சரிந்து:

*விடை: அப்பாவுக்கு நைட் டூட்டி.
காலைல கேட்டு எழுதுரேன் மிஸ்.*

பக்கத்தில் அவள் போட்ட சிவப்பு டிக்.
அதன் கீழே ஒரு நட்சத்திரம்.
"சரியான விடைதானே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

கடைக்கு வந்து அப்படியே தட்டினேன்.
அந்த 'ர'வைக்கூட மாற்றவில்லை.